ஆப்பில் போட்ட பணம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்போன் வழியாகச் சேமிப்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் இரண்டு விதமான செய்திகள்தான் அதிகம் வருகின்றன. ஒன்று மோசடி. மற்றொன்று, மாதம் இவ்வளவு போட்டால் இருபது வருடத்தில் இவ்வளவு ஆகும் என்ற கணக்கு. ஆனால் சேலத்தில் எங்களிடம் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டிலும் சேராதவர்கள். அவர்கள் பயன்படுத்துவது உரிமம் பெற்ற செயலிதான், பணம் போட்டதும் முறையான மியூச்சுவல் ஃபண்டில்தான். யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ‘ஆப்புல பணம் மாட்டிக்கிச்சுங்க’ என்று வந்து நிற்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டை தறிக்கூடம், ஏற்காட்டுக் காபித் தோட்டம் என்று எங்கிருந்து வந்தாலும் சொல்வது இதே வாசகம்தான். வங்கிக் கணக்கும் வருமான வரிப் படிவமும் பார்க்கிற வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், இந்த மாட்டிக்கொள்ளல் எங்கே, ஏன் நடக்கிறது என்று விளக்கமாக எழுதுகிறோம். இடம் அனுமதித்தால் முழுவதையும் பிரசுரிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணம் ஆப்பில் இல்லை. ஆப் என்பது விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் சன்னல் மட்டுமே. 2022 ஜூலை 1 முதல், வாடிக்கையாளர்களின் மியூச்சுவல் ஃபண்ட் பணத்தை இடையில் இருப்பவர் தன் கணக்கில் வாங்கிச் சேர்த்து வைத்து அனுப்பக் கூடாது என்று, பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபி தடுத்துவிட்டது. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஃபண்ட் நிறுவனத்தின் கணக்குக்கோ, பங்குச் சந்தையின் பணப் பட்டுவாடா அமைப்பான கிளியரிங் கார்ப்பரேஷன் கணக்குக்கோ நேராகப் போக வேண்டும். அந்தப் பணத்துக்கு ஃபண்டில் உங்களுக்குக் கிடைக்கும் அலகுகளான யூனிட்டுகள் உங்கள் பான் எண்ணின் கீழ், ஃபோலியோ என்ற கணக்கு எண்ணில் பதிவாகும். அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பவை பெரும்பாலும் இரண்டே நிறுவனங்கள்: கேம்ஸ், கேஃபின்டெக். இரண்டுக்கும் சேலத்திலேயே சேவை மையம் உண்டு. முகவரியை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொண்டு நேரில் போகலாம். ஆப் நாளைக்கே மூடப்பட்டாலும், போன் தொலைந்தாலும், ஃபோலியோ எண்ணும் பான் கார்டும் இருந்தால் காகிதப் படிவத்திலேயே பணம் எடுத்துவிட முடியும். சில ஆப்கள் மட்டும் யூனிட்டுகளை, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் வைக்கும். அப்போது பதிவேடு அந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்லில் இருக்கும், எடுப்பதற்குத் தரகு நிறுவனத்தைத்தான் நாட வேண்டும். உங்களுடையது இதில் எந்த வகை என்பதைப் பணம் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெரிந்துகொள்ளும் வழி எளிது. கேம்ஸ், கேஃபின்டெக் இணையதளங்களிலோ, இருவரும் சேர்ந்து நடத்தும் எம்எஃப் சென்ட்ரலிலோ பான் எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலும் கொடுத்தால், எல்லா ஃபண்டுகளையும் சேர்த்து ஒரே கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வந்துவிடும். ஆப் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்த அறிக்கையில் இருப்பதுதான் உண்மை இருப்பு. ஆப்பில் ஒரு தொகையும் அறிக்கையில் வேறு யூனிட் எண்ணிக்கையும் இருந்தால், அறிக்கையை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அறிக்கையே வரவில்லை, பான் எண்ணில் ஃபோலியோவும் இல்லை, டீமேட் கணக்கிலும் யூனிட் இல்லை என்றால் நீங்கள் பணம் போட்ட இடம் மியூச்சுவல் ஃபண்டே அல்ல. அதைப் பிறகு சொல்கிறோம்.

இனி ஒரு வாடிக்கையாளருக்கு நடந்ததைப் பார்க்கலாம். கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் தானாகப் போகும் முதலீட்டுத் தவணை), 24 தவணை முடிந்திருந்தது. போட்டது 48,000, திரையில் காட்டியது சுமார் 52,000. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக 40,000 எடுக்க வேண்டி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4.10க்குப் பொத்தானை அழுத்தினார். பச்சை டிக் வந்தது. சனிக்கிழமை காலையில் பணம் வந்துவிடும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார். வரவில்லை. திங்கள், செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை ஆப்பில் ‘நிறைவடைந்தது’ என்று வந்தது, வங்கிப் பாஸ்புக்கில் மட்டும் எதுவும் இல்லை. ஆப்பின் அரட்டைப் பெட்டியில் கேட்டால் ‘உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடிந்தது’ என்ற அதே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது நேரக் கணக்கு. பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் மாலை 3 மணிக்குள் கொடுத்த கோரிக்கைக்கு அன்றைய யூனிட் விலை, அதற்குப் பிறகு கொடுத்தால் அடுத்த வேலைநாள் விலை. வெள்ளி 4.10 என்பது திங்கள் கணக்கு. பங்கு ஃபண்டில் பணம் வழக்கமாக இரண்டாவது வேலைநாளில் வரும், திங்களிலிருந்து அது புதன். ஆகவே புதன்கிழமை வரை தாமதம் என்று எதுவுமே இல்லை. பொத்தானை மதியம் இரண்டரைக்கு அழுத்தியிருந்தால் செவ்வாயே வந்திருக்கும். இதைத் திரையிலேயே ‘புதன்கிழமை வரும்’ என்று தேதி போட்டுக் காட்டுவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. பணம் போடும் பக்கத்தில் இருக்கும் தெளிவு எடுக்கும் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இரண்டாவதுதான் உண்மையான சிக்கல். அவர் கணக்கு வைத்திருந்த வங்கி 2020 ஏப்ரலில் வேறு வங்கியோடு இணைக்கப்பட்டது. அந்த இணைப்பில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியாகவும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியாகவும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியாகவும் ஆனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியது. பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பதிவு செய்திருந்த ஃபோலியோவில் பழைய குறியீடே இருந்தது. தவணை போவது புதிய யுபிஐ வழியாக என்பதால் போகும்போது தடை இல்லை. திரும்பி வரும்போது மட்டும் பணம் ஃபோலியோவில் பதிவான கணக்குக்குத்தான் போகும், அங்கே போய் முட்டித் திரும்பிவிட்டது. ஃபண்ட் நிறுவனம் அனுப்பிய நிமிடத்திலேயே ஆப் ‘நிறைவடைந்தது’ என்று எழுதிவிட்டது. வங்கி வரவு வைத்ததா என்று ஆப்புக்குத் தெரியாது.

தீர்வு இதுதான். ஃபண்ட் நிறுவனத்திடம், பணப் பரிமாற்றத்தின் அடையாளமான யுடிஆர் எண் கேட்க வேண்டும். நெஃப்ட் என்றால் அது 16 இலக்க எழுத்தெண், யுபிஐ என்றால் 12 இலக்கம். அந்த எண்ணை வங்கிக் கிளையில் காட்டினால் வந்ததா, திரும்பியதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். திரும்பியிருந்தால், பெயர் அச்சிட்ட காசோலை இலை ஒன்றை ரத்து செய்தோ, பாஸ்புக் முதல் பக்க நகலோ வைத்து வங்கி விவர மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். வங்கி விவரம் மாற்றிய பிறகு 10 நாள் வரை பணம் எடுக்க விடாமல் காக்க வைக்கும் ஃபண்டுகள் உண்டு. திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு அது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவசரத்துக்குப் பணம் எடுக்கும் நாளில்தான் இதெல்லாம் தெரியவருகிறது என்பது கொடுமை. ஆகவே கணக்கு ஆரம்பித்த மூன்றாவது மாதத்திலேயே ஒரு 500 ரூபாயை எடுத்துப் பாருங்கள். வழி திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அவர் கேட்ட 40,000க்குக் கடைசியில் சுமார் 39,870 வந்தது. குறைந்தது எக்ஸிட் லோடு. பல பங்கு ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம் பிடிப்பார்கள். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருடம் தனித்தனியாக ஓடும். முதலில் போட்ட யூனிட் முதலில் வெளியேறும் என்பதால் முதல் 12 தவணைக்கு ஒன்றுமில்லை, மீதிக்குத்தான் பிடித்தம். இதே விதி வரிச் சேமிப்பு ஃபண்டில் இன்னும் கடுமையாக வேலை செய்யும். அங்கே மூன்று வருடப் பூட்டு ஒவ்வொரு தவணைக்கும் தனி. மூன்று வருடம் முடிந்த மாதத்தில் வந்து எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று நினைப்பவருக்கு ஒரே ஒரு தவணைதான் திறந்திருக்கும்.

செபி விதிப்படி மூன்று வேலைநாளுக்குள் ஃபண்ட் நிறுவனம் பணத்தை அனுப்பியாக வேண்டும். தாண்டினால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும். தவறு அவர்கள் பக்கம் இருந்தால் இந்த வட்டியை எழுதிக் கேளுங்கள்.

அடுத்து பெயர். சேலம் மாவட்டத்தில் நாங்கள் பார்க்கும் தடங்கல்களில் பாதி இதில்தான் வருகிறது, காரணம் நம்முடைய இனிஷியல். தந்தை பெயர் குப்புசாமி, மகன் மணிகண்டன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘மணிகண்டன் கே’. பாஸ்புக்கில் ‘கே மணிகண்டன்’. பான் கார்டில் ‘மணிகண்டன் குப்புசாமி’, ஏனென்றால் பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். இதற்குமேல் குப்புசாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் ‘டபிள்யூ’ சேர்த்தும் ஓரிடத்தில் சேர்க்காமலும் எழுதியிருந்தால் நான்காவது ஆளும் வந்துவிடுவார்.

புதுக் கணக்கு தொடங்கும்போது உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் வந்து விழுகிறதே, அது பரிசுப் பணம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒரு ரூபாயோடு வங்கியில் பதிவான பெயர் திரும்பிப் போகும். அதைப் பான் பெயரோடு ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் ‘வங்கிச் சரிபார்ப்பு தோல்வி’ என்று வரும். நம் ஆட்கள் கணக்கு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று நான்கு முறை, ஐந்து முறை அடிப்பார்கள். எண் சரியாகத்தான் இருக்கும், இனிஷியல்தான் இடிக்கும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அதனால் அவசரப்பட்டு ஆதார் மையத்துக்கு ஓடக் கூடாது. முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான், ஆதார், பாஸ்புக் நான்கையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து பார்த்து, எந்த எழுத்துக்கூட்டலை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுங்கள். பெரும்பாலும் பானில் விரித்து எழுதியபடி மற்றவற்றைக் கொண்டுவருவதுதான் சுலபம். பிறகு ஆதாரை அதன்படி மாற்றலாம், கட்டணம் 75 ரூபாய். ஆதார் மாறி வந்ததும் வங்கிக் கிளையில் பானும் ஆதாரும் கொடுத்துப் பெயரைத் திருத்துங்கள். கடைசியாகத்தான் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு. வங்கியில் மாற்றாமல் கேஒய்சியை மட்டும் மறுபடி மறுபடி செய்வது வீண் வேலை.

கேஒய்சி நிலை என்ன என்பதை, அந்த விவரங்களைப் பதிந்து வைக்கும் கேஆர்ஏ நிறுவனங்களின் இணையதளத்தில் பான் எண் போட்டுப் பார்க்கலாம். ‘வேலிடேட்டட்’ என்றிருந்தால் எந்த ஃபண்டிலும் போடலாம். ‘ரிஜிஸ்டர்டு’ என்றிருந்தால் ஏற்கெனவே கணக்கு உள்ள ஃபண்டில் தொடரலாம், புது ஃபண்டுக்கு மறுபடி கேஒய்சி கேட்பார்கள். ‘ஆன் ஹோல்டு’ என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். மின்னஞ்சலோ செல்போன் எண்ணோ சரிபார்க்கப்படாமல் இருப்பது இதற்கு வழக்கமான காரணம்.

செல்போன் எண் என்றதும் சேர்வராயன் மலையைச் சொல்ல வேண்டும். ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே போனால் சிக்னல் இருக்கிற இடம், இல்லாத இடம் என்று மலைக்காரர்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் கீழே சேலத்தில் வேலை பார்க்கும் மகன் எண்ணையோ, டவுனில் கடை வைத்திருப்பவர் எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். மகன் எண் என்றால் அது குடும்ப உறுப்பினர் எண் என்று படிவத்தில் சரியாகக் குறிப்பிட வேண்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. இன்னொன்று, ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணைத் துண்டித்துவிடலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். ஃபோலியோவின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எண் மாறினால் வங்கியில் மட்டுமல்ல, ஃபோலியோவிலும் மாற்றுங்கள்.

எஸ்ஐபி பற்றி. மாதச் சம்பளக்காரருக்காக அமைந்த ஏற்பாடு இது. நம் ஊரில் பட்டறையிலும் தறியிலும் சனிக்கிழமை கூலி. மலையில் காபி பறிப்பு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அப்போதுதான் கையில் காசு நிற்கும். மாந்தோப்புக்காரருக்குக் கோடைதான் வரவு. ஆனால் ஆப் திறந்தவுடன் ‘மாதம் 5ஆம் தேதி 1,000 ரூபாய்’ என்று கேட்கும், இவர்களும் சரி என்று அழுத்துவார்கள். 5ஆம் தேதி கணக்கில் 640 ரூபாய்தான் இருக்கும். தவணை திரும்பும். ஃபண்ட் நிறுவனம் இதற்கு அபராதம் போடாது. வங்கி போடும். வங்கிக்கு வங்கி மாறினாலும் சில நூறு ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விடும். 500 ரூபாய் எஸ்ஐபி வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு முறை திரும்பினால் அந்த வருட லாபமே கரைந்துவிடும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால் எஸ்ஐபி தானாக ரத்தாகும், ஏற்கெனவே போட்ட யூனிட்டுகள் அப்படியே இருக்கும்.

பருவத்துக்கு வருமானம் வருபவர்கள் எஸ்ஐபி போட்டே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பறிப்புக் காசு வந்தபோது ஒரு தொகையை, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டு வைத்து, அதிலிருந்து மாதா மாதம் பங்கு ஃபண்டுக்கு மாற்றும்படி அமைக்கலாம். வங்கியில் இருப்பு இல்லாமல் திரும்பும் பிரச்சினையே இதில் வராது. லிக்விட் ஃபண்டுகள் பலவற்றில் உடனடிப் பணம் என்ற வசதியும் உண்டு: இருப்பில் 90 சதவீதம் அல்லது 50,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது சில நிமிடங்களில் வங்கிக்கு வரும். மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கும் பணத்தை அங்கே வைப்பதுதான் பொருத்தம். பங்கு ஃபண்டில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் புதன்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆப்பை நீக்கிவிட்டால் எஸ்ஐபி நின்றுவிடும் என்பது பரவலான தப்பெண்ணம். பணத்தை இழுக்கும் அதிகாரம் வங்கியில் பதிவான மேண்டேட்டில், அதாவது நீங்கள் கொடுத்த அனுமதியில் இருக்கிறது. யுபிஐ ஆட்டோபே என்றால் யுபிஐ செயலியில் ஆட்டோபே பக்கத்துக்குப் போய் ரத்து செய்யலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்தாக வேண்டும் என்பதால் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளாதீர்கள். வங்கிகளுக்கிடையிலான நாச் முறையில் கொடுத்த மேண்டேட் என்றால் வங்கியின் இணையப் பக்கத்திலோ கிளையிலோ ரத்து செய்ய வேண்டும். ஆனால் மேண்டேட்டை மட்டும் வெட்டினால் எஸ்ஐபி பதிவு உயிரோடு இருந்து, தேதிக்குத் தேதி இழுக்கப் பார்த்துத் தோற்கும். முதலில் எஸ்ஐபியை நிறுத்துங்கள், நிறுத்தியதற்கான மின்னஞ்சல் வரட்டும், அதன்பின் மேண்டேட். மேண்டேட் கொடுக்கும்போதே அதிகபட்சத் தொகை, முடிவுத் தேதி இரண்டையும் பாருங்கள். 1,000 ரூபாய் எஸ்ஐபிக்கு 25,000 வரை இழுக்கும் அதிகாரம் எழுதியிருக்கலாம்.

இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டிலும் டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு திட்டங்கள் உண்டு. ரெகுலரில் முகவர் கமிஷன் ஃபண்டின் செலவுக் கணக்கிலேயே கழியும், தனியாகக் கேட்க மாட்டார்கள். ஆப் எதையும் வாங்கவில்லையே என்று நினைப்பவர்கள் கணக்கு அறிக்கையில் ஃபண்ட் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். ‘டைரக்ட்’ என்றிருக்கும், இல்லாவிட்டால் ஏஆர்என் என்று தொடங்கும் முகவர் எண் இருக்கும். வருடத்துக்கு ஒரு சதவீத வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு வெறும் கணக்கு: மாதம் 5,000 வீதம் 20 வருடம் போட்டால் 12 சதவீதத்தில் சுமார் 49.5 லட்சம், 11 சதவீதத்தில் சுமார் 43.3 லட்சம். இந்த வருமானம் கிடைக்கும் என்று சொல்லவில்லை, வித்தியாசத்தைக் காட்டுகிறோம். அதற்காக ரெகுலர் என்றாலே மோசம் என்றும் ஆகாது. படிவம் நிரப்ப, வீட்டில் ஒருவர் இறந்தால் கூட வந்து அலைய, சந்தை விழும்போது பதற வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அந்தக் கமிஷன் நியாயம். அரட்டைப் பெட்டியைத் தவிர யாருமே இல்லாத ஆப்புக்கு அதே கமிஷன் போவதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரே திரையில் நான்கு விதமான சரக்கு இருப்பது அடுத்த ஆபத்து. டச் (தூய்மை) எவ்வளவு என்று கேட்காமல் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் வெள்ளி வாங்குவதில்லை. அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் செபியின் கீழ் வருகிறது. ஃபிக்சட் டெபாசிட் என்றால் அதை வாங்குவது எந்த வங்கி என்று பாருங்கள். சிறு நிதி வங்கியாக இருந்தாலும் வங்கிதான். அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. வங்கியல்லாத நிதி நிறுவன டெபாசிட் அதே பக்கத்தில், அதே நிறத்தில், அரை சதவீதம் கூடுதல் வட்டியோடு இருக்கும். அதற்கு அந்தக் காப்பீடு கிடையாது. ஆளுக்கு ஆள் கடன் கொடுக்கும் பி2பி தளங்களை முதலீட்டுத் திட்டம் போலவும், நினைத்தபோது எடுக்கலாம் என்றும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நஷ்டம் போட்டவருக்குத்தான்.

டிஜிட்டல் தங்கம் நம் பெண்கள் அதிகம் போடும் இடம், நகைச் சீட்டுப் பழக்கம் அப்படி. 1,000 ரூபாய் போட்டால் 3 சதவீத ஜிஎஸ்டி போக சுமார் 971 ரூபாய்க்குத்தான் தங்கம் வரவாகும். விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆகவே வாங்கிய நாளே விற்றால் கணிசமான நஷ்டம். இந்த டிஜிட்டல் தங்கம் தங்கள் ஒழுங்குமுறைக்குள் வராது என்று 2025 நவம்பரில் செபி வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. தங்கத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றால், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் கோல்டு இடிஎஃப், கோல்டு ஃபண்ட் இரண்டும் செபியின் கீழ் வருபவை. காதுக்கும் கழுத்துக்கும் நகையாக வேண்டும் என்பவர்களுக்கு இவை எதுவும் பதிலாகாது என்பதும் உண்மை.

இனி, ஃபோலியோவே இல்லாத கதை. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, போலி ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் தினமும் ஏறும் தொகையைக் காட்டுவார்கள். பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: தனி நபர் பெயரோ, சம்பந்தமில்லாத ஏதோ டிரேடர்ஸ் பெயரோ வந்தால் அனுப்பாதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து செபியில் பதிவு பெற்றவர்களுக்கு யுபிஐ முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின் ‘வேலிட்’ என்ற சொல்லும் வங்கிப் பெயரும் வரும். பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரலும் தெரியும். செபி செக் என்ற வசதியில் கணக்கு எண்ணையோ யுபிஐ முகவரியையோ போட்டும் சரிபார்க்கலாம். பணம் எடுக்க வரியை முதலில் கட்டச் சொன்னால் அது நூறு சதவீதம் மோசடி, எந்த ஃபண்டும் அப்படிக் கேட்காது. அனுப்பியாகிவிட்டது என்றால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க வேண்டும், மறுநாள் காலை பார்க்கலாம் என்று விட்டால் கிடைப்பது அரிது.

மோசடி இல்லாத சாதாரணப் புகாருக்கு வழி வேறு. முதலில் ஆப்புக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். அரட்டைப் பெட்டியில் பேசியது பிறகு கிடைக்காமல் போகலாம். தேதி, நேரம், ஃபோலியோ எண், தொகை, யுடிஆர், வங்கி அறிக்கையின் அந்தப் பக்கம், திரையின் படம் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். அதே கடிதத்தின் நகலை ஃபண்ட் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். 21 நாளுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் மேலே ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழிச் சமரச ஏற்பாடு இருக்கிறது. செபியின் கட்டணமில்லா எண் 1800 266 7575. தப்பு வங்கியுடையது என்றால், உதாரணமாக ரத்து செய்த மேண்டேட்டில் பணம் போனால், வங்கிக்கு எழுதி 30 நாள் பாருங்கள். தீராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். பதிவு பெறாத ஏலச் சீட்டு, நகைச் சீட்டுப் புகார்கள் செபிக்குப் போகாது. அவை பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசுக்கு உரியவை.

போட்டவர் இறந்த பிறகு ஃபோலியோ என்ன ஆகும் என்பதைப் பற்றிக் கடைசியாக. ஏலச் சீட்டு என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நோட்டு அலமாரியில் இருக்கும். ஆப்பில் போட்டது போட்டவர் விரல்ரேகைக்கு மட்டும் தெரியும். அவர் போன பிறகு பூட்டிய போனை வைத்துக்கொண்டு மனைவி எங்கே போவார்? சீட்டு நோட்டின் பின்பக்கத்தில் ஃபண்ட் பெயர், ஃபோலியோ எண், நாமினி பெயர், பதிவான மின்னஞ்சல் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம், அது தேவையும் இல்லை. இறப்புச் சான்றிதழும் நாமினியின் கேஒய்சியும் கொண்டுபோனால் சேவை மையத்தில் பெயர் மாற்றித் தருவார்கள். எந்தக் குறிப்பும் இல்லாமல் போனவர்களின் குடும்பத்துக்காக மறந்துபோன ஃபோலியோக்களைத் தேடும் ‘மித்ரா’ என்ற தளமும் 2025 முதல் இருக்கிறது.

தங்கள் நாளிதழில் தினமும் தங்கம், வெள்ளி விலை வரும் பத்தியைச் சேலத்தில் பார்க்காதவர்கள் குறைவு. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பத்திக்குக் கீழே 1930, 14448, 1800 266 7575 என்ற மூன்று எண்களையும், எதற்கு எது என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சிட்டால் உதவியாக இருக்கும். செயலி நடத்துபவர்களும் பணம் எடுக்கும் பக்கத்தைத் தமிழில் கொண்டுவந்து, பணம் வரும் தேதியையும் பிடித்தம் எவ்வளவு என்பதையும் பொத்தானுக்கு மேலேயே காட்ட வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.